பழைய பைக்கை யாரிடம் விடலாம்? கம்பெனி சர்வீஸ், பக்கத்துப் பட்டறை, தனி மெக்கானிக்: ஓர் ஒப்பீடு

அப்பா ஓட்டிய புல்லட், மாமா விட்டுப்போன யெஸ்டி, கல்லூரி நாட்களில் ஏங்கி இப்போது சம்பாதித்து வாங்கிய ஆர்எக்ஸ் 100. பழைய பைக் பெரும்பாலும் இப்படித்தான் நம் வீட்டுக்கு வந்து சேர்கிறது. வண்டி கிடைத்துவிடும். அதைத் தெரிந்து தொடுகிற கை கிடைப்பதுதான் பாடு. ஒரு மெக்கானிக் கார்புரேட்டர் என்பார், இன்னொருவர் பிஸ்டன் ரிங் போய்விட்டது என்பார், மூன்றாமவர் "வித்துட்டு புதுசு வாங்கிடுங்க சார்" என்பார். மூவரும் பொய் சொல்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். அவரவருக்குப் பழகிய வண்டியை வைத்து அவரவர் பேசுகிறார்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு நான்கு வழிகள் இருக்கின்றன: கம்பெனி சர்வீஸ் சென்டர், வீட்டுக்குப் பக்கத்துப் பட்டறை, ஒரே மாடலைப் பல வருடம் பிரித்துப் பூட்டிய தனி மெக்கானிக், பெருநகரங்களில் உள்ள ரீஸ்டோரேஷன் கடை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்ஜினைத் திறக்கிற வேலை என்றால், அந்த இன்ஜினிலேயே ஊறிய தனி மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். அவர் பட்டறை ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் பரவாயில்லை. பிரேக், செயின், கேபிள், பல்பு மாதிரி அன்றாட வேலைக்கு வீட்டுக்குப் பக்கத்துப் பட்டறை போதும். இரண்டையும் ஒரே ஆளிடம் எதிர்பார்த்துப் பலர் அலைகிறார்கள், அலுத்துப்போய் வண்டியையே விற்கிறார்கள்.

கம்பெனி சர்வீஸ் சென்டர்

பில் உண்டு, ஒரிஜினல் ஸ்பேர்ஸ் உண்டு, குறை சொல்ல ஒரு மேனேஜர் உண்டு. புது வண்டிக்கு வேறென்ன வேண்டும்? பழைய வண்டி உள்ளே நுழையும்போதுதான் கணக்கு மாறுகிறது.

ராயல் என்ஃபீல்டை எடுத்துக்கொள்வோம். 1955 முதல் சென்னையில் கால்பதித்த நிறுவனம். திருவொற்றியூர் ஆலையிலிருந்து பல பத்தாண்டுகளாக வந்துகொண்டிருந்த காஸ்ட் அயர்ன் இன்ஜின், 2010 வாக்கில் விடைபெற்றது. அதன் இடத்தை, இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் உள்ள யுசிஇ இன்ஜின் பிடித்தது. 2020இல் மீட்டியார் 350 வண்டியோடு ஜே சீரிஸ் என்ற புது இன்ஜின் வந்தது. இன்று சர்வீஸ் சென்டரில் நிற்கும் இருபத்தைந்து வயதுத் தம்பி கற்றுக்கொண்டது ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில். பழைய வண்டியில் பிளக்குக்குத் தீப்பொறி கிடைக்கச் செய்யும் காண்டாக்ட் பாயிண்ட்டின் இடைவெளியை (கேப்) 0.35 மி.மீ.க்கும் 0.40 மி.மீ.க்கும் நடுவில் வைக்க வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தந்திருக்க வாய்ப்பில்லை. அதில் அவர் குறை ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் வண்டிக்கு அவர் ஆள் இல்லை.

ஆர்எக்ஸ் 100 இந்தியாவில் 1985 முதல் 1996 வரைதான் தயாரானது. இன்றைய யமஹா ஷோரூமில் டூ ஸ்ட்ரோக் வண்டியே கிடையாது. யெஸ்டி கதை இன்னும் கறார். மைசூரில் இருந்த ஐடியல் ஜாவா ஆலை 1996இல் மூடப்பட்டது. 2018இல் ஜாவா பெயரும் 2022இல் யெஸ்டி பெயரும் திரும்ப வந்தன என்றாலும், இப்போது வருபவை லிக்விட் கூலிங் உள்ள ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்கள். பெயரை நம்பிப் பழைய யெஸ்டியை அங்கே ஓட்டிக்கொண்டு போனால் பெட்ரோல்தான் வீண்.

சர்வீஸ் சென்டரின் நேரக் கணக்கும் பழைய வண்டிக்கு ஒத்துவராது. அங்கே ஒரு வண்டிக்கு இவ்வளவு நேரம் என்று அளந்து வைத்திருக்கிறார்கள், அடுத்த வண்டி வாசலில் காத்திருக்கிறது. முப்பது வருடத் துரு ஏறிய சைலன்சர் நட்டுக்கு எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைக்க அங்கே இடமும் இல்லை, பொறுமையும் இல்லை. ஸ்பேனரைப் போட்டு இழுப்பார்கள், நட்டு ஏறியிருக்கும் ஸ்டட் முறியும், சிலிண்டர் ஹெட்டோடு லேத்துக்குப் போக வேண்டிவரும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு ஸ்ப்ளெண்டர். 1994இல் வந்த அந்த வண்டியின் 97.2 சிசி இன்ஜினின் வம்சம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் பழைய ஹீரோ ஹோண்டா வைத்திருப்பவர் கம்பெனிக்கே போகலாம், தெருமுனைக்கும் போகலாம், பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகாது. இந்தக் கட்டுரை அவருக்கு அவ்வளவு தேவையும் இல்லை.

மற்றவர்களுக்கு கம்பெனியில் ஒரே ஒரு இடம் பயன்படும்: ஸ்பேர்ஸ் கவுன்ட்டர். பார்ட் நம்பரோடு போய்க் கேட்டால் சில கேஸ்கெட், ஆயில் சீல், கேபிள் எல்லாம் இன்னும் ஒரிஜினலாகக் கிடைக்கும். அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாம்.

பக்கத்துப் பட்டறை

இவரை நான் மிகவும் மதிக்கிறேன். காலை எட்டரைக்கு ஷட்டரைத் தூக்குகிறார். ஒரு நாளில் பல்சர், ஆக்டிவா, எக்செல் என்று எதையும் தொடுகிறார். வழியில் நின்றுபோன வண்டியை நீங்கள் தள்ளிக்கொண்டு வந்தால் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வந்து பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். காசு நாளைக்குக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார். ஊரில் ஒரு வண்டி தினமும் ஓட வேண்டுமென்றால் இவர் தயவு இல்லாமல் நடக்காது.

பழைய வண்டியில் இவருடைய எல்லை எது என்பதை நாம்தான் தெரிந்துகொள்ள வேண்டும். டயர், டியூப், பிரேக் ஷூ, செயின் ஸ்பிராக்கெட், கிளட்ச் கேபிள், பேட்டரி, ஹாரன், கார்புரேட்டர் கழுவுவது: தாராளமாக இவரிடம் கொடுக்கலாம். பெட்ரோல் டியூப் மாற்றுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது பம்ப்பில் கிடைக்கும் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் குழாயையும் பெட்ரோல் டேப்பின் வாஷரையும் காலப்போக்கில் உப்பவைத்து இளக்கிவிடும். இரண்டு மாதம் நின்ற வண்டியின் கார்புரேட்டர் கிண்ணத்தைத் திறந்தால் அடியில் தண்ணீர் தேங்கியிருப்பதும் இதனால்தான், எத்தனால் ஈரத்தை இழுக்கும். எத்தனாலுக்குத் தாங்கும் புது டியூப் ஒன்றும் புது வாஷர் ஒன்றும் சின்னச் செலவு.

இன்ஜின் சத்தம், புகை, இழுவை குறைவு என்ற பேச்சு வந்ததும் இவரிடம் நிறுத்திக்கொள்ள வேண்டும். இவருக்குத் திறமை இல்லை என்பது காரணமல்ல. வருடத்துக்கு ஒரு காஸ்ட் அயர்ன் புல்லட் வருகிற இடத்தில், அந்த இன்ஜினின் குணம் கையில் படிவதில்லை. அந்த இன்ஜினுக்கான தனி டூல்களை வாங்கி வைக்கவும் அவருக்குக் கட்டுபடியாகாது.

டூல் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு பட்டறையை எடைபோட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆர்எக்ஸ் 100இல் கிராங்க் எனும் இன்ஜின் தண்டின் முனையில் சுழன்று மின்சாரம் தரும் சக்கரம்தான் மேக்னெட். அதை இழுத்துக் கழற்ற அதற்கென்றே புல்லர் என்று ஒரு டூல் உண்டு. புல்லரை மரையில் ஏற்றி நடு போல்ட்டை முறுக்கினால் டக்கென்று ஒரு சத்தத்தோடு மேக்னெட் கையில் வந்துவிடும். புல்லர் இல்லாதவர் சுற்றிலும் தட்டுவார், பிறகு கிராங்க் முனையிலேயே அடிப்பார். அடி விழுந்தால் கிராங்க் மரை சிதையும், பிரஸ் செய்து சேர்த்த கிராங்க் நேர்க்கோட்டிலிருந்து விலகவும் கூடும். அப்புறம் வண்டி கைப்பிடியெல்லாம் அதிரும், எதனால் என்று யாராலும் சொல்லமுடியாது. கிளட்ச் நட்டுக்கும் இதே கதை: ஹோல்டர் வைத்துப் பிடித்து சாக்கெட் போடுகிறவர் ஒருவர், உளியை வைத்து நட்டின் ஓரத்தில் தட்டுகிறவர் இன்னொருவர். இன்ஜின் கவர் ஸ்குருக்களின் தலையைப் பாருங்கள். நட்சத்திரக் குழி கூர்மையாக இருந்தால் இதுவரை நல்ல கை தொட்டிருக்கிறது. வழுவழுவென்று தேய்ந்து போயிருந்தால் உள்ளேயும் அப்படித்தான் இருக்கும்.

அந்த மாடலிலேயே ஊறியவர்

ஒவ்வொரு பெரிய ஊரிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். போர்டில் பெயர் அழிந்திருக்கும், சில இடத்தில் போர்டே இருக்காது. "புல்லட் மெக்கானிக்" என்று கேட்டால் ஆட்டோக்காரர் வழி சொல்வார். பலர் ஒரு காலத்தில் டீலர் சர்வீஸில் வேலை பார்த்து வெளியே வந்தவர்கள், அல்லது அப்படி வந்தவரிடம் சிறுவயதில் ஸ்பேனர் எடுத்துக்கொடுத்து வளர்ந்தவர்கள்.

இவருக்கும் மற்றவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்பதைத் திருச்சியில் ஒரு பட்டறையில் நின்றபோது கண்ணால் பார்த்தேன். ஒருவர் பழைய புல்லட்டைக் கொண்டுவந்தார். உதைத்ததும் கொசுமருந்து வண்டி மாதிரிப் புகை. வேறொரு இடத்தில் "ஹாஃப் இன்ஜின் வேலை இருக்கு, போர் அடிச்சு பிஸ்டன் மாத்தணும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்களாம். போர் அடிப்பது என்றால் சிலிண்டரின் உள்சுவரை அறுத்துப் பெரிதாக்குவது. இங்கே இருந்த பெரியவர் வண்டியைத் தொடக்கூட இல்லை. முதலில் ஒரு கேள்விதான் கேட்டார்.

"எத்தன நாளா நின்னுச்சு தம்பி?"

"ரெண்டு மாசம் இருக்கும்ணே. ஊர்ல இல்ல."

இன்ஜினுக்கு அடியில் தட்டை வைத்து கிராங்க் பக்கத்து டிரெயின் போல்ட்டைத் திறந்தார். கறுப்பாக ஆயில் கொட்டியது, அங்கே இருக்கவேண்டிய அளவைவிட ரொம்ப அதிகம். விரலில் தொட்டுத் தேய்த்து வெயிலில் காட்டிப் பார்த்தார், இரும்புத் துகள் மின்னுகிறதா என்று. மின்னவில்லை. போல்ட்டைப் பூட்டி, ஆயில் அறையில் புது ஆயில் அளவாக ஊற்றி உதைத்தார். கொஞ்ச நேரம் புகை வந்தது, மெலிந்தது, நின்றுவிட்டது.

"ரிங்குக்கு ஒண்ணும் இல்ல. நிறுத்தி வெச்சா ஆயில் கீழ எறங்கிடும், இந்த வண்டி அப்படித்தான். வாரத்துக்கு ஒரு தடவ யாரையாவது ஓட்டச் சொல்லிட்டுப் போங்க."

காஸ்ட் அயர்ன் புல்லட்டில் ஆயில், கிராங்க் சுழலும் இடத்தில் தேங்கி நிற்பதில்லை. பின்னால் அதற்கென்று ஓர் அறை இருக்கிறது. ஒரு பம்ப் அங்கிருந்து கிராங்குக்கு ஆயிலைத் தள்ளும், இன்னொரு பம்ப் வடிந்ததைத் திரும்ப அறைக்கு ஏற்றும். பம்ப் சற்றுத் தேய்ந்த பழைய வண்டி பல நாள் நின்றால், அறையில் இருப்பது மெல்லக் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும். அந்த நிலையில் உதைத்தால் புகை வரத்தான் செய்யும். இதே காரணத்தால் புல்லட் ஆயில் அளவை வண்டியை ஓட்டி நிறுத்திய பிறகுதான் பார்க்க வேண்டும். நின்ற வண்டியில் பார்த்துக் குறைவு என்று ஊற்றினால் அளவு மீறிப்போகும், பிரீதர் குழாய் வழியாக வெளியே துப்பும். இது தெரியாத இடத்தில் நல்ல சிலிண்டரை போர் அடித்துவிடுவார்கள். சிலிண்டரில் ஒருமுறை அறுத்து எடுத்த இரும்பு திரும்ப வராது. பிஸ்டன் ஓவர்சைஸ் 0.25 மி.மீ. கணக்கில் ஏறிக்கொண்டே போகும். நான்காவது படிக்கு மேல் லைனர் போடவோ வேறு சிலிண்டர் தேடவோ வேண்டும். தேவையில்லாத ஒரு போர் என்பது வண்டியின் ஆயுளில் ஒரு பங்கை எடுத்துவிடுவது.

ஆகவே, திறப்பதற்கு முன் கேள்வி கேட்கிறவரைத் தேடுங்கள். எத்தனை நாள் நின்றது, காலையில் முதல் உதையில் மட்டும் புகையா, ஓடும்போதும் புகையா, சூடானபின் சத்தம் கூடுகிறதா குறைகிறதா, கடைசியாக யார் எதைத் தொட்டார்கள். இதைக் கேட்காமல் "விட்டுட்டுப் போங்க, பாத்துக்கறேன்" என்கிறவரிடம் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

டூ ஸ்ட்ரோக் என்றால் சோதிக்கும் கேள்விகள் வேறு. ஆர்எக்ஸ் வைத்திருப்பவர் ஒரு மெக்கானிக்கிடம் முதலில் பேச வேண்டியது ஆயில் சீலைப் பற்றி. கிராங்கின் இரு பக்கமும் சீல் இருக்கிறது. கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயில் உள்ளே உறிஞ்சப்பட்டுப் புகை கூடும், கியர்பாக்ஸ் ஆயில் அளவு காரணமில்லாமல் குறையும். மேக்னெட் பக்கத்து சீல் போனால் புகையே வராது. அதற்குப் பதில் காற்று நுழைந்து கலவை மெலியும், ஐட்லிங் தானாக ஏறும், இன்ஜின் கொதிக்கும், ஒருநாள் நெடுஞ்சாலையில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இரண்டாவதுதான் ஆபத்து. ஐட்லிங் ஏறுகிறது என்று சொன்னதும் கார்புரேட்டர் ஸ்குருவைத் திருகுகிறவர் ஒருவகை. "மேக்னெட் கவரைக் கழட்டிப் பாத்துடலாம்" என்கிறவர் இன்னொருவகை. இவரை விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது போர் வேலை. டூ ஸ்ட்ரோக் சிலிண்டர் சுவரில் போர்ட் என்னும் ஜன்னல்கள் உண்டு. போர் அடித்தபின் அந்த ஜன்னல் ஓரங்களைக் கையால் மழித்து மெருகேற்ற வேண்டும். அது விட்டுப்போனால் கூரான ஓரத்தில் ரிங் மாட்டி முறியும். "போர் அடிச்சு வந்ததும் போர்ட்டுக்கு சாம்ஃபர் எடுப்பீங்களாண்ணே?" என்று பணிவாகக் கேளுங்கள். தெரிந்தவர் முகத்தில் ஒரு மகிழ்ச்சி தெரியும், கேட்டவருக்கு வண்டி மேல் அக்கறை இருக்கிறதே என்று.

டூ ஸ்ட்ரோக் இன்ஜின் பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்து எரிக்கும். அந்த ஆயிலைத் தரும் பம்ப் விஷயத்தில் மட்டும் நல்ல மெக்கானிக்குகளே இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். பம்ப் நின்றுபோனால் இன்ஜின் போய்விடும், அதனால் கழற்றிவிட்டு டாங்கிலேயே டூ ஸ்ட்ரோக்குக்கான 2டி ஆயில் கலந்து ஓட்டுங்கள் என்பது ஒரு கட்சி. பம்ப் ஆக்சிலேட்டருக்கு ஏற்ப ஆயிலைக் கூட்டிக் குறைக்கும், கலந்து ஓட்டினால் சும்மா நிற்கும்போதும் அதே ஆயில் எரிந்து சைலன்சரில் கரி பிடிக்கும் என்பது மறுகட்சி. நான் இரண்டாவது கட்சி. பம்ப் வேலை செய்கிறதா என்று சோதித்து, கேபிளை அதன் குறிக்குச் சரியாக வைத்துவிட்டால் பயமில்லை. சோதிக்காமலே கழற்றச் சொல்கிறவர் தன் வேலையைச் சுலபமாக்கிக்கொள்கிறார்.

தனி மெக்கானிக்கிடம் உள்ள குறைகளையும் சொல்லியாக வேண்டும். நேரம் சொன்னால் அந்த நேரத்தில் கிடைக்காது. ஒரு வாரம் என்றது மூன்று வாரமாகும். பில் கிடையாது, துண்டுச் சீட்டுதான். பலருக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், பழகும் பையன்களும் இல்லை. அதனால் அவர் செய்வதை நாம் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்: என்ன சைஸ் பிஸ்டன் போட்டார், கார்புரேட்டரின் மெயின் ஜெட் நம்பர் என்ன, எந்த பேரிங் மாற்றினார், எந்தத் தேதியில். ஒரு பள்ளிக்கூட நோட்டு போதும். நாளை வேறொருவர் கைக்கு வண்டி போகும்போது அந்த நோட்டுதான் பேசும்.

அவரிடம் நாம் நடந்துகொள்கிற முறையும் முக்கியம். ஆன்லைனில் மலிவாகக் கிடைத்தது என்று பிஸ்டன் கிட்டை வாங்கிக்கொண்டு போய் "இதப் போடுங்க" என்றால் அவர் மனம் விட்டுப்போகும், வேலைக்குப் பொறுப்பும் ஏற்கமாட்டார். என்ன வாங்க வேண்டும், எந்தக் கடையில் வாங்க வேண்டும் என்று அவரைக் கேட்டு வாங்குங்கள். கூலியில் பேரம் பேசாதீர்கள். ஸ்பேர்ஸ் தனி, லேத் தனி, கூலி தனி என்று பிரித்துச் சொல்லச் சொல்வதில் தப்பில்லை, நல்ல மெக்கானிக் தானே அப்படித்தான் சொல்வார். கழற்றிய பழைய சாமான்களை ஒரு பையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். தேய்ந்த ரிங்கையும் புது ரிங்கையும் சிலிண்டருக்குள் வைத்து இடைவெளியைக் காட்டிப் புரியவைக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ரீஸ்டோரேஷன் கடை

சென்னை, கோவை மாதிரி ஊர்களில் இந்தக் கடைகள் பெருகியிருக்கின்றன. துருப்பிடித்த கூடாக வண்டியைக் கொடுத்தால் குரோமும் பெயிண்டும் கோடும் மின்ன ஷோரூம் வண்டியாகத் திரும்பி வரும். கையில் காசு இருந்து, தேடி அலைய நேரமில்லாதவருக்கு இது சரியான வழிதான். வேலை தெரிந்தவர்களும் இதில் இருக்கிறார்கள்.

ஆனால் பெயிண்ட் கண்ணுக்குத் தெரியும், கிராங்க் தெரியாது. இன்ஜின் வேலையை அங்கேயே செய்கிறார்களா, வெளியே யாரிடமாவது அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். வெளியே அனுப்பினால் அந்த ஆளிடம் நீங்களே நேராகப் போகலாமே. கம்பெனி போட்ட பழைய சாமானைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது டூப்ளிகேட்டை மாட்டிப் பளபளப்புக் காட்டுவதும் சில இடங்களில் நடக்கிறது. பழைய ஒரிஜினல் மட்கார்டில் டிங்கர் வேலை பார்ப்பது, கிடைக்கும் புதுத் தகரத்தைவிடப் பெரும்பாலும் நல்லது.

இன்ஜின் நம்பர் விஷயத்தில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். நம்பர் அடித்திருப்பது இன்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸில். உங்கள் கேஸ் உடைந்திருக்கிறது என்று வேறொரு கேஸைப் பொருத்திவிட்டால் ஆர்சியில் உள்ள நம்பரும் வண்டியில் உள்ள நம்பரும் ஒத்துப்போகாது. பதிவு 15 வருடத்துக்குத்தான். அதன்பின் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்டிஓ ஆபீஸில் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும், அங்கே நம்பரைப் பார்ப்பார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, வண்டியில் பெரிய மாற்றம் செய்தால் ஆர்சியிலும் பதிவு செய்யச் சொல்கிறது. கேஸில் விரிசல் என்றால் முதலில் வெல்டிங் செய்ய முடியுமா என்று பாருங்கள். நல்ல அலுமினிய வெல்டர் கையில் பல கேஸ்கள் பிழைத்திருக்கின்றன.

லேத் பட்டறையும் ஸ்பேர்ஸ் கடையும்

மெக்கானிக் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் போர், ஹோனிங், கிராங்க் பிரஸ், வால்வ் சீட் எல்லாம் லேத்துக்குத்தான் போகின்றன. பாதி இன்ஜினின் விதி அங்கேதான் எழுதப்படுகிறது. கோவைக்காரர்கள் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள், பம்ப்செட் தொழிலால் வளர்ந்த லேத் பட்டறைகள் தெருவுக்குத் தெரு உண்டு. எந்த ஊரானாலும் பிஸ்டனைக் கையில் வைத்து மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கேற்ப சிலிண்டரை அறுக்கிறாரா என்று பாருங்கள். பிஸ்டனைக் கேட்காமல் "0.50 தானே, அடிச்சு வெக்கிறேன்" என்பவரிடமிருந்து சிலிண்டரைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஒரே சைஸ் என்று எழுதியிருந்தாலும் பிஸ்டனுக்குப் பிஸ்டன் சிறு வித்தியாசம் இருக்கும்.

நல்ல மெக்கானிக்கைக் கண்டுபிடிக்கவும் லேத்காரர்தான் சிறந்த வழி. ஊரில் யார் அளவு எழுதிக் கொண்டுவருகிறார், யார் போன மாதம் போர் அடித்த சிலிண்டரைச் சீஸ் ஆக்கி, அதாவது பிஸ்டன் பிடித்துக்கொள்ள விட்டுத் திரும்பக் கொண்டுவருகிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நேரடியாக யாரையும் குறை சொல்லமாட்டார். "உங்க சொந்த வண்டின்னா யார்கிட்ட கொடுப்பீங்க?" என்று கேளுங்கள். ஒரு பெயர் வரும். ஸ்பேர்ஸ் கடைக்காரரிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் பழைய மாடலுக்குச் சாமான் கேட்டு நிற்கும்போது பக்கத்தில் நிற்பவரே பாதி நேரம் மெக்கானிக்காக இருப்பார். புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய ஒரிஜினல் கியரும் கிராங்க்கும் சில சமயம் புது டூப்ளிகேட்டைவிட மேல். ஆனால் அங்கே மெக்கானிக்கோடு போனால்தான் பல்லைப் பார்த்து எடுக்கத் தெரியும்.

யாருக்கு எது

தினமும் வேலைக்கு ஓட்டுகிற பழைய ஸ்ப்ளெண்டர் அல்லது சிடி 100: பக்கத்துப் பட்டறை, வேறு யோசனை வேண்டாம்.

காஸ்ட் அயர்ன் புல்லட்: இன்ஜின், கியர்பாக்ஸ், பாயிண்ட், டைமிங் எல்லாம் புல்லட் மெக்கானிக். ஊரில் இல்லையென்றால் அடுத்த ஊர். நடுவில் நின்றுபோனால் பக்கத்துப் பட்டறைக்காரர் பிளக் மாற்றி வீடு சேர்க்கட்டும், அதற்கு மேல் திறக்கவேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

ஆர்எக்ஸ் 100, ஷோகன், மேக்ஸ் 100, கேபி 100: டூ ஸ்ட்ரோக் மட்டும் பார்க்கிறவர். ரேஸ் வண்டிக்காகப் போர்ட் வெட்டுகிறவரிடம் தெருவில் ஓட்டும் வண்டியைக் கொடுக்கும்முன் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். போர்ட்டை வெட்டி உயர்த்தினால் மேல் வேகத்தில் பாயும், ஊருக்குள் இழுவை போய்விடும். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

யெஸ்டி, ஜாவா, ராஜ்தூத்: இவற்றுக்கு ஆள் மிகக் குறைவு. மெக்கானிக்கைத் தேடுவதற்கு முன் அதே வண்டி வைத்திருக்கிற இன்னொருவரைத் தேடுங்கள், அவர் கூட்டிக்கொண்டு போவார். யெஸ்டியில் கிக்கரும் கியரும் ஒரே லீவர், கிளட்ச் பாதி தானாக விலகும். அந்த ஏற்பாட்டைப் பழகாதவர் கையில் கொடுத்தால் கிளட்ச் அட்ஜஸ்ட்மென்ட்டிலேயே வண்டி மாதக்கணக்கில் படுத்துவிடும்.

முழுக்கத் துருப்பிடித்துக் கிடக்கும் வண்டி: உடம்பு வேலைக்கு ரீஸ்டோரேஷன் கடை, இன்ஜினைத் தனியாக இறக்கி மெக்கானிக்கிடம்.

புதிதாக ஒருவரிடம் போகும்போது நேராக ஃபுல் இன்ஜின் வேலையைக் கொடுக்காதீர்கள். முதலில் ஒரு சின்ன வேலை: கார்புரேட்டர் கழுவி, பாயிண்ட் கேப் வைத்து, டாப்பெட் (வால்வ் இடைவெளி) பார்த்துத் தரச் சொல்லுங்கள். புல்லட் டாப்பெட்டை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் வைக்க வேண்டும். நீங்கள் ஓட்டிக்கொண்டு போன சூட்டோடு வைக்க உட்காருகிறாரா, "காலையில விட்டுட்டுப் போங்க, ஆறட்டும்" என்கிறாரா என்று கவனியுங்கள். ஆறட்டும் என்றவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வரலாம்.